முப்பரிமாண ஃபிராக்டலை ரெண்டர் செய்ய எந்த வழி: ரே மார்ச்சிங்கா, மெஷ்ஷா, வோக்ஸலா, இன்ஸ்டன்சிங்கா?

ஃபிராக்டலின் நுணுக்கம் தீராது. கணினியின் மெமரியும் நேரமும் தீரும். அதனால் எங்கேயாவது ஓர் இடத்தில் நுணுக்கத்தை வெட்டித்தான் ஆக வேண்டும். முப்பரிமாண ஃபிராக்டலை வரையும் வழிகள் எல்லாமே இந்த வெட்டை எங்கே போடுகின்றன என்பதில்தான் வேறுபடுகின்றன. ரே மார்ச்சிங் ஒவ்வொரு பிக்சலிலும் தனித்தனியாக வெட்டுகிறது. கேமரா நெருங்க நெருங்கப் புது நுணுக்கம் வந்துகொண்டே இருக்கும். மெஷ், அதாவது முக்கோணங்களால் பின்னிய வலை, ஒரே ஒரு முறை, பொருளின் அளவை வைத்து வெட்டிவிடுகிறது. அதற்குப் பிறகு எவ்வளவு நெருங்கினாலும் இருப்பதுதான் இருக்கும். இன்ஸ்டன்சிங், அதாவது ஒரே வடிவத்தைப் பிரதியெடுத்து அடுக்குவது, எத்தனை அடுக்கு என்று எண்ணி வெட்டுகிறது.

எனவே எது வேகம், எது அழகு என்பதை அப்புறம் பார்க்கலாம். கேமரா எவ்வளவு நெருங்கப் போகிறது? வேறு பொருள்களோடு ஒரே காட்சியில் நிற்க வேண்டுமா? கடைசியில் கையில் எடுக்கும் பொருளாக அச்சாக வேண்டுமா? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தால் பாதித் தேர்வு முடிந்துவிடும்.

மீதிப் பாதியை ஃபிராக்டலின் வகை முடிவுசெய்கிறது. 2009இல் டேனியல் ஒயிட், பால் நைலாண்டர் ஆகியோர் முன்வைத்த மாண்டல்பல்ப், 2010இல் டாம் லோ கண்டுபிடித்த மாண்டல்பாக்ஸ், அவற்றுக்கு முந்தைய குவாட்டெர்னியன் ஜூலியா கணங்கள் எல்லாம் ஒரு வகை. இவற்றுக்கு முனையோ முகமோ கிடையாது. ஒரு புள்ளியைக் கொடுத்தால் அது தப்பி ஓடுகிறதா, உள்ளேயே சுற்றுகிறதா என்று சொல்லும் சூத்திரம் மட்டும்தான் கையில் இருக்கும். மெங்கர் பஞ்சு, சியர்பின்ஸ்கி நான்முகி போன்றவை இன்னொரு வகை. ஒரே வடிவத்தைச் சுருக்கிச் சுருக்கி அடுக்கினால் கிடைப்பவை. முதல் வகைக்கு இன்ஸ்டன்சிங் உதவவே உதவாது. இரண்டாம் வகைக்கு எல்லா வழியும் திறந்திருக்கிறது.

ரே மார்ச்சிங்: நெருங்கிப் போக இது ஒன்றே வழி

கேமராவிலிருந்து புறப்படும் கதிர், தான் நிற்கும் புள்ளியிலிருந்து மேற்பரப்பு குறைந்தது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கேட்கிறது. அவ்வளவு தூரம் கண்ணை மூடிக்கொண்டு தாவலாம், எதிலும் மோதாது. மறுபடி கேட்டு, மறுபடி தாவி, தூரம் ஒரு வரம்புக்குக் கீழே வந்ததும் தொட்டுவிட்டதாக எடுத்துக்கொள்கிறது. ஹார்ட், சாண்டின், காஃப்மன் மூவரும் 1989இல் ஜூலியா கணங்களுக்கு இப்படிச் செய்து காட்டினார்கள். ஹார்ட் 1996இல் இதையே ஸ்ஃபியர் டிரேசிங் என்ற பெயரில் பொதுவான முறையாக எழுதினார்.

மாண்டல்பல்ப்பின் தூரத்தைக் கணிக்க, சுழற்சியோடு (சூத்திரத்தை மறுபடி மறுபடி போடும் ஒவ்வொரு முறையும் ஒரு சுழற்சி) சேர்த்து ஓர் எண்ணைக் கூடவே கொண்டுபோக வேண்டும். புள்ளியின் நீளம் ர, வகைக்கெழுவின் அளவு வ என்று வைத்துக்கொண்டால், 8ஆம் அடுக்குக்கு ஒவ்வொரு சுழற்சியிலும் வ = 8 × ர⁷ × வ + 1. வ தொடங்குவது 1இல். தப்பி ஓடிய பிறகு, தூரம் = 0.5 × ர × லாக்(ர) ÷ வ. இங்கே லாக் என்பது இயல் மடக்கை. 10ஐ அடியாகக் கொண்ட மடக்கையைப் போட்டால் தூரம் பாதிக்கும் கீழே சுருங்கி, ரெண்டர் காரணம் தெரியாமல் மந்தமாகும். தப்பும் வரம்பு, அதாவது புள்ளி தப்பிவிட்டதாக எடுத்துக்கொள்ளும் நீளம், 2 என்று வைத்தாலும் உருவம் வரும், ஆனால் சுழற்சி எண்ணிக்கை மாறும் இடங்களில் மேற்பரப்பில் மெல்லிய வரைகள் தெரியும். 4 அல்லது அதற்கு மேல் வைத்தால் அவை போய்விடும்.

சுழற்சி எண்ணிக்கை பலரும் நினைப்பதைவிடக் குறைவாகவே போதும். முழு உருவமும் திரையில் தெரிகிறதென்றால் 5 முதல் 8 சுழற்சி. உள்ளே நுழைந்து பார்ப்பதென்றால் 12, 15 என்று ஏற்றலாம். தூரத்திலிருந்து பார்க்கும்போது 20 வைப்பதால் படம் கூர்மையாவதில்லை, மணல் தூவியதுபோல் ஆகிறது. பிக்சலைவிடச் சிறிய மேடுபள்ளங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் ஒளியைத் திருப்புவதே காரணம். இதற்கு மருந்து, தொட்டுவிட்டதாக எடுத்துக்கொள்ளும் வரம்பைக் கதிர் போன தூரத்தோடு சேர்த்து வளர்ப்பது. செங்குத்துப் பார்வைக் கோணம் 60 பாகை, படத்தின் உயரம் 1080 பிக்சல் என்றால், ஒரு பிக்சல் மூடும் அகலம் தூரத்தைப்போல் சுமார் 0.00107 மடங்கு. வரம்பை அந்த அளவிலோ அதில் பாதியிலோ வைத்தால் போதும். மேற்பரப்புக்குச் செங்குத்தான திசையை (நார்மல்) கணிக்கும்போது எடுக்கும் இடைவெளியும் அதே அளவில் இருக்க வேண்டும். வரம்பை மட்டும் மாற்றிவிட்டு இதை 0.0001 என்று நிலையாக விட்டுவைப்பதுதான் பொரிப்பொரியாகத் தெரியும் படங்களின் வழக்கமான காரணம்.

செலவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 1920 × 1080 படத்தில் 20,73,600 கதிர்கள். கதிருக்குச் சராசரி 80 தாவல் என்றால் 16.6 கோடி தூரக் கணிப்பு. ஒவ்வொன்றிலும் 8 சுழற்சி வைத்தால் ஏறக்குறைய 133 கோடிச் சுழற்சி. இது முதல் கதிருக்கு மட்டும். செங்குத்துத் திசைக்கு 4 அல்லது 6 கணிப்பு கூடுதலாக வேண்டும். நான்முகி முறையில் 4 போதும், 6 எடுக்கத் தேவையில்லை. ஒவ்வொரு விளக்கின் நிழலுக்கும் இன்னும் 30 முதல் 60 தாவல். இதை இறக்க மூன்று வழிகள் உடனே கைகொடுக்கும்.

ஒன்று, எல்லைக்கோளம். மாண்டல்பல்ப்பில் ஒரு புள்ளியின் 8ஆம் அடுக்கின் நீளம், நீளத்தின் 8ஆம் அடுக்கேதான். ஆகவே மையத்திலிருந்து 2இன் ஏழாம் மூலத்துக்கு, அதாவது 1.104க்கு, அப்பால் இருக்கும் எந்தப் புள்ளியும் நிச்சயம் தப்பிவிடும். 1.11 ஆரமுள்ள கோளத்தைத் தொடாத கதிரைக் கணக்கே போடாமல் தள்ளிவிடலாம். இரண்டு, பொதுவான அடுக்குச் சார்பை அழைக்காமல் ர²ஐ இரண்டு முறை வர்க்கப்படுத்தி ர⁸ எடுப்பது; 8ஆம் அடுக்குக்கு சைன், கொசைனையே தவிர்த்துப் பல்லுறுப்பாக விரித்தும் எழுதலாம். மூன்று, முன்னோட்டச் சுற்று. 8 × 8 பிக்சலுக்கு ஒரே ஒரு கூம்பை அனுப்பி, தூரம் கூம்பின் ஆரத்தைவிடக் குறையும் இடத்தில் நிறுத்தி, முழுக் கதிர்களை அங்கிருந்து தொடங்குவது. வெற்று வெளியில் 64 கதிர்களும் தனித்தனியாகத் தாவுவது மிச்சமாகிறது.

இனி, கெட்டுப்போகும் இடங்கள். உருவத்தின் விளிம்பை உரசிப்போகும் கதிர்கள் சின்னச் சின்னத் தாவலாகப் போட்டே தாவல் வரம்பைத் தின்றுவிடும்; அப்போது உருவத்தைச் சுற்றி ஒளிவட்டமோ கருவட்டமோ தெரியும். வரம்பை 100இலிருந்து 300க்கு ஏற்றினால் சரியாகும், நேரமும் ஏறும். மேற்பரப்பில் ஓட்டைகளோ, கத்தியால் சீவியதுபோன்ற தட்டைகளோ தெரிந்தால் பிரச்சினை வேறு: தூரக் கணிப்பு உண்மையைவிட அதிகம் சொல்கிறது, கதிர் தாண்டிக் குதித்துவிடுகிறது. தாவலை 0.7ஆல் பெருக்குங்கள், இரண்டு மூன்று சூத்திரங்களைக் கலந்த உருவமென்றால் 0.3, ஏன் 0.1 வரைகூட இறங்க வேண்டிவரும். நேரம் அதே விகிதத்தில் பெருகும் என்பதால், கலவைச் சூத்திரத்தில் அனிமேஷன் திட்டமிடுகிறவர்கள் இதை முதல் நாளே சோதித்துவிடுவது நல்லது. ஆங்காங்கே கரும்புள்ளி மட்டும் தெரிந்தால், பெரும்பாலும் மையத்தில் 0ஆல் வகுத்ததோ, ஆர்க் கொசைனுக்குள் 1ஐ மயிரிழை தாண்டிய எண் போனதோதான். அந்த எண்ணை −1க்கும் 1க்கும் இடையில் கட்டிப்போட்டால் தீர்ந்தது.

உண்மையான சுவர் ஒன்று இருக்கிறது: எண்களின் துல்லியம். ஜிபியுவில் (கிராஃபிக்ஸ் கார்டின் செயலியில்) வழக்கமான 32 பிட் எண்ணுக்கு 24 பிட் துல்லியம். 1ஐ ஒட்டிய இடத்தில் அடுத்தடுத்த இரு எண்களுக்கு இடைவெளி 1.2 × 10⁻⁷. மேற்பரப்பிலிருந்து 10⁻⁴ தூரத்தில் கேமரா நின்றால் ஒரு பிக்சலின் அகலமும் அதே 10⁻⁷. அதாவது பிக்சலும் எண்ணும் ஒரே அளவாகிவிடுகின்றன. சுழற்சியில் பிழை பெருகுவதால் அதற்கு முன்பே, 10⁻³ வாக்கிலேயே, படிக்கட்டும் இரைச்சலும் தலைகாட்டும். மாண்டல்பாக்ஸ், அதன் சூத்திரத்திலுள்ள அளவெண் 2 என்றால், −6 முதல் 6 வரை விரிவதால் ஓரங்களில் நிலைமை இன்னும் மோசம்; 4க்கு மேல் இடைவெளி 4.8 × 10⁻⁷. 64 பிட் எண்ணுக்கு மாறலாம், ஆனால் வீட்டு உபயோக கிராஃபிக்ஸ் கார்டுகளில் 64 பிட் கணக்கின் வேகம் 32 பிட்டில் 32இல் அல்லது 64இல் ஒரு பங்குதான். ஆழமாக நுழையும் காட்சிக்கு நல்ல சிபியுவே ஜிபியுவோடு மல்லுக்கு நிற்பது இதனால்தான்.

ஜிபியுவில் ஒரே அழைப்பில் பெரிய படத்தை வரைய முயன்றால் விண்டோஸ் 2 நொடி பார்த்துவிட்டு டிரைவரை மீட்டமைத்துவிடும். உலாவியில் என்றால் திரை வெறுமையாகும். 256 × 256 ஓடுகளாகப் பிரித்து வரைவதே சரி. காத்திருப்பு நேரத்தை ரெஜிஸ்ட்ரியில் நீட்டுவது நோயை மறைப்பது.

மெஷ்: ஒரு தடவை செலவழித்து, எங்கும் பயன்படுத்த

மெஷ்ஷாக மாறிவிட்ட ஃபிராக்டல் மற்ற எந்தப் பொருளையும் போலத்தான். நிழல் விழும், பிரதிபலிக்கும், கண்ணாடியாக்கலாம், மோதல் கணக்கிடலாம், அச்சடிக்கலாம். இவ்வளவு வசதிக்கும் விலை, நுணுக்கத்தை முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டியிருப்பது.

வழக்கமான பாதை: கனசதுரக் கட்டத்தில் ஒவ்வொரு புள்ளியிலும் தூரத்தைக் கணித்து, லோரன்சன், கிளைன் இருவரும் 1987இல் வெளியிட்ட மார்ச்சிங் கியூப்ஸ் முறையில் மேற்பரப்பை எடுப்பது. 4 பைட் எண்களில் 256³ கட்டத்துக்கு 64 மெகாபைட், 512³க்கு 512 மெகாபைட், 1024³க்கு 4 ஜிகாபைட், 2048³க்கு 32 ஜிகாபைட். ஆனால் முழுக் கட்டத்தையும் மெமரியில் வைக்க வேண்டிய அவசியமே இல்லை. இந்த முறைக்கு ஒரு நேரத்தில் அடுத்தடுத்த இரண்டு அடுக்குகள் போதும். 1024 கட்டத்தில் அது வெறும் 8 மெகாபைட். சொந்தமாக நிரல் எழுதுகிறவர்கள் முதலில் செய்ய வேண்டியது இதுதான்.

புதிதாக முயல்கிறவர்கள் தடுக்கி விழும் இடம் மதிப்பு வரம்பு, அதாவது எந்தத் தூர மதிப்பில் மேற்பரப்பு இருப்பதாக எடுத்துக்கொள்வது என்பது. மாண்டல்பல்ப்பின் தூரச் சூத்திரம் வெளியே மட்டும்தான் பொருளுள்ளது. உள்ளே வரும் எண்ணை 0 என்று வைத்துவிடுவதே வழக்கம். ஆகவே 0 மதிப்பில் மேற்பரப்பைத் தேடினால் குறி மாறும் இடமே கிடைக்காது. கிடைப்பதெல்லாம் கிழிந்த துண்டுகள். வரம்பை அரை முதல் ஒரு வோக்ஸல் (கட்டத்தின் ஒரு சிறு கனசதுரம்) அகலத்துக்கு வையுங்கள். பக்கம் 2.4 உள்ள பெட்டியை 1024 பங்காக்கினால் வோக்ஸல் 0.00234, எனவே வரம்பு 0.0012 முதல் 0.0023 வரை. உருவம் மயிரிழை தடிக்கும், வோக்ஸலைவிடச் சிறிய பிளவுகள் தாமாகவே மூடிக்கொள்ளும். அச்சுக்கு இது நன்மையே.

இங்கும் சுழற்சியைக் குறைத்து வைக்க வேண்டும். மெங்கர் பஞ்சை எடுத்துக்கொண்டால் கணக்குத் தெளிவாகத் தெரியும்: 5ஆம் அடுக்கில் பக்கத்துக்கு 243 கட்டங்கள், 512 வோக்ஸலில் கட்டத்துக்கு இரண்டு வோக்ஸல் கிடைக்கிறது, ஒருவாறு தாங்கும். 6ஆம் அடுக்கில் 729 கட்டங்கள். 512இல் அடங்காது, பஞ்சு நொறுங்கிய தூளாகும். மாண்டல்பல்ப்பை 512இல் எடுக்கும்போது 4 முதல் 6 சுழற்சிக்கு மேல் போவதில் பயனில்லை. மார்ச்சிங் கியூப்ஸ் கூர்விளிம்புகளை மழுக்கும் என்பதால் மாண்டல்பாக்ஸ் போன்ற மடிப்பு உருவங்கள் தேய்ந்த சோப்புபோல் வரும். 2002இல் வந்த டூயல் கான்டூரிங் என்ற முறை, செங்குத்துத் திசைகளையும் கணக்கில் எடுத்து விளிம்பைக் காப்பாற்றுகிறது. பதிலுக்கு ஒரே விளிம்பில் நான்கு முகங்கள் சந்திக்கும் இடங்களை உண்டாக்கும். படத்துக்கு அது பரவாயில்லை, அச்சுக்கு ஆகாது.

முக்கோண எண்ணிக்கையில் ஃபிராக்டல் மற்றப் பொருள்களைப் போல நடந்துகொள்வதில்லை. வழவழப்பான பொருளுக்குக் கட்டத்தின் பக்கத்தை இரட்டித்தால் முக்கோணம் 4 மடங்கு. ஃபிராக்டல் மேற்பரப்பின் பரிமாணம் 2.5 என்றால் 5.7 மடங்கு, 3ஐ நெருங்கினால் 8 மடங்கு. பிறகு குறைக்கலாம் என்று தைரியமாக இருக்கவும் முடியாது. முக்கோணம் குறைக்கும் கருவிகள் தட்டையான இடங்களைத் தேடித்தான் குறைக்கின்றன. ஃபிராக்டலில் தட்டையான இடம் எங்கே இருக்கிறது? 90 சதவீதம் குறைத்தால் போவது நுணுக்கம் மட்டும்தான். 512 கட்டத்திலேயே நேரடியாக எடுப்பது, 1024இல் எடுத்துக் குறைப்பதைவிடப் பல நேரம் நன்றாகவே இருக்கிறது.

அச்சுக்கு வழக்கமான இருமவடிவ எஸ்டிஎல் கோப்பில் முக்கோணத்துக்கு 50 பைட், தலைப்புக்கு 84 பைட். ஒரு கோடி முக்கோணம் என்றால் 500 மெகாபைட். அச்சுக்குத் துண்டாக்கும் மென்பொருள்கள் அங்கேயே மூச்சு வாங்கத் தொடங்கும். பிஎல்ஒய் கோப்பு வடிவம் முனைகளைப் பகிர்ந்துகொள்வதால் சிறிதாகும், நிறத்தையும் தாங்கும்.

வோக்ஸல், ஓபன்விடிபி

2012இல் திறந்த மூலமாக வெளியான ஓபன்விடிபி என்ற நிரல் தொகுப்பு, மேற்பரப்பை ஒட்டிய வோக்ஸல்களை மட்டும் சேமிக்கிறது. வழக்கமாக இருபுறமும் மூன்று மூன்று. கோளத்துக்கு இது பிரமாதமான சேமிப்பு. ஃபிராக்டலின் மேற்பரப்போ எங்கும் சுருண்டு கிடப்பதால் ‘ஒட்டிய’ வோக்ஸல்களே பெட்டியில் பெரும்பங்காகிவிடும், சேமிப்பு எதிர்பார்த்த அளவு வராது. எனவே மெஷ்ஷுக்கு இடைநிலையாக இதைப் பெரிதாகப் பரிந்துரைக்க மாட்டோம். இது ஜொலிக்கும் இடம் வேறு: ஃபிராக்டலைத் திடப்பொருளாக இல்லாமல் மேகமாக, புகையாக, நெபுலாவாகக் காட்ட வேண்டும் என்றால். தப்பிய வேகத்தை அடர்த்தியாக மாற்றி எழுதினால் சைக்கிள்ஸ், கார்மா போன்ற ரெண்டரர்கள் நேரடியாக வரையும். அடர்த்தியை 16 பிட்டில் சேமித்தால் கோப்பு பாதியாகும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது.

இன்ஸ்டன்சிங்: தன்னைத்தானே ஒத்த வடிவங்களுக்கு

மெங்கர் பஞ்சில் அடுக்குக்கு அடுக்கு 20 மடங்கு கனசதுரங்கள்: 20, 400, 8,000, 1,60,000, 32 லட்சம், 6 கோடியே 40 லட்சம். ஒவ்வொன்றுக்கும் அதன் இடத்தையும் அளவையும் குறிக்கும் 64 பைட் அணி என்றால் 4ஆம் அடுக்குக்கு 10 மெகாபைட், 5க்கு 205 மெகாபைட், 6க்கு 4 ஜிகாபைட்டுக்கு மேல். சியர்பின்ஸ்கி நான்முகி 4 மடங்காகத்தான் வளர்வதால் 10ஆம் அடுக்கிலும் 10,48,576 பிரதிகள்தான், கவலையே இல்லை.

கனசதுரத்தை அப்படியே அடுக்குவது பஞ்சுக்குச் சரியான வழியல்ல. 4ஆம் அடுக்கில் 1,60,000 கனசதுரங்களுக்கு 9,60,000 முகங்கள். அவற்றில் உண்மையில் வெளியே தெரிபவை 3,36,384 மட்டும். (அடுக்கு எண் ந என்றால் வெளிமுகங்கள் 2 × (20ஐ ந முறை பெருக்கியது) + 4 × (8ஐ ந முறை பெருக்கியது), சரிபார்க்க உதவும்.) மீதி எல்லாம் இரண்டிரண்டாக ஒட்டி உள்ளே மறைந்திருப்பவை. மறைந்திருந்தால் என்ன என்று விட்டுவிட முடியாது. ஒளிபுகும் பொருளாக்கினால் உள்முகங்கள் எல்லாம் தெரியும். ஒளியின் பாதையைப் பின்தொடர்ந்து வரையும் பாத் டிரேசிங்கில் ஒன்றன்மேல் ஒன்று படிந்த முகங்களில் கரும்புள்ளிகள் தோன்றும். ஒரே இடத்திலுள்ள முனைகளை இணைத்தாலும் உள்முகங்கள் போகாது, அவற்றைத் தனியாக நீக்க வேண்டும்.

நடைமுறையில் நன்றாக வேலை செய்வது இரண்டும் கலந்த வழி. 3ஆம் அடுக்குப் பஞ்சை உள்முகம் நீக்கிய ஒரே மெஷ்ஷாகச் செய்துகொள்ளுங்கள், 18,048 நாற்கரங்கள்தான். அதை 400 முறை பிரதியெடுத்தால் 5ஆம் அடுக்கு, 8,000 முறை எடுத்தால் 6ஆம் அடுக்கு. 6 கோடியே 40 லட்சம் கனசதுரங்களுக்குச் சமமான உருவம், சில மெகாபைட்டில். பிரதிக்குள் பிரதி என்று ஆழமாக அடுக்கினால் மெமரி இன்னும் மிச்சமாகும் என்று நம்பி ஏமாற வேண்டாம். பல ரெண்டரர்கள் உள்ளுக்குள் அதைத் தட்டையாக விரித்துவிடும், ஜிபியுவின் கதிர்த்தேடல் அமைப்பும் இரண்டே நிலை கொண்டது.

புள்ளிகள், நிலப்பரப்பு

எழுந்தமானமாக மாற்றங்களைப் போட்டுப் புள்ளிகளைத் தூவும் முறையில் 1 கோடிப் புள்ளிக்கு நிறத்தோடு 160 மெகாபைட் ஆகும். தீப்பிழம்புபோன்ற உருவங்களுக்கு அழகாக இருக்கும், திடமான நிழல் கிடைக்காது. மலை, பள்ளத்தாக்கு மட்டும்தான் வேண்டுமென்றால் மேலே சொன்ன எதுவும் வேண்டாம். அலைவெண் 2 மடங்காகவும் உயரம் 0.5 மடங்காகவும் மாறும் 8 முதல் 10 அடுக்கு இரைச்சலை (எழுந்தமானமான மேடுபள்ளங்களை) தட்டையான மெஷ்ஷின் மேல் உயரப் படமாகப் போட்டால் போதும்.

எந்தக் கருவி

தயாராகக் கிடைப்பவற்றில் மாண்டல்பல்பரைத்தான் முதலில் திறந்து பார்க்கச் சொல்வோம். திறந்த மூலம், விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடும், ஓபன்சிஎல் வழியாக ஜிபியுவைப் பயன்படுத்தும், பல கணினிகளுக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்கும், அடுக்கடுக்கான படங்களாகவும் பிஎல்ஒய் மெஷ்ஷாகவும் ஏற்றுமதி செய்யும். மாண்டல்பல்ப் 3டி விண்டோஸுக்கு மட்டுமானது, சிபியுவில் மட்டுமே ஓடுவது, முகப்பும் பழையது. ஆனாலும் சூத்திரக் கலவைகளின் செல்வம் அதில்தான்; ஓவியர்கள் அதை விடாமல் வைத்திருப்பதற்கு அதுவே காரணம். சூத்திரத்தைத் தாமே எழுதிப் பழக விரும்புகிறவர்களுக்கு ஃபிராக்மென்டேரியம், அல்லது எதையும் நிறுவாமல் உலாவியிலேயே ஷேடர்டாய். இவை இரண்டிலும் தாவல் வரம்பு, பிக்சல் அகலம் எல்லாம் கண்முன் தெரிவதால், மேலே சொன்ன கோளாறுகள் ஒவ்வொன்றையும் எண்ணை மாற்றிப்பார்த்தே புரிந்துகொள்ளலாம்.

முப்பரிமாண மென்பொருளான பிளெண்டரில் வால்யூம் கியூப் நோடுக்குள் சூத்திரத்தைக் கணித நோடுகளாகக் கட்டி, வால்யூம் டு மெஷ் நோடால் மேற்பரப்பு எடுக்க முடியும். பக்கத்துக்கு 300 வைத்தாலே 2.7 கோடிப் புள்ளிகளைக் கணிக்க வேண்டும் என்பதால், ஒவ்வொரு ஸ்லைடரை அசைக்கும்போதும் காத்திருக்க நேரும். தேடும்போது 100, இறுதிக்கு 400 என்று வைத்துக்கொள்ளலாம். இன்னொரு முப்பரிமாண மென்பொருளான ஹூடினியில் வால்யூம் ரேங்கிளில் பத்துப் பதினைந்து வரியில் அதே வேலை முடியும். சுழற்சி எழுதத் தெரிந்தவர்களுக்கு நோடுகளைவிட அது எவ்வளவோ நிம்மதி.

சூழ்நிலைக்குச் சூழ்நிலை

ஒற்றைப் படமும், உள்ளே நுழைந்து பறக்கும் காட்சியும் ரே மார்ச்சிங்குக்கே உரியவை, போட்டியே இல்லை. பறக்கும் காட்சியில் கேமராவைச் சீரான வேகத்தில் ஓட்டினால், முதலில் நகராததுபோலவும் கடைசியில் சுவரில் மோதியதுபோலவும் இருக்கும். கேமரா நிற்கும் இடத்தின் தூரக் கணிப்பில் 2 சதவீதம் மட்டும் ஒரு ஃப்ரேமுக்கு நகர்த்துங்கள். 24 ஃப்ரேமில் மீதித் தூரம் 62 சதவீதமாகும், வேகம் தானாகவே தணியும். மினுமினுப்பு இன்னொரு தொல்லை. நிலைப்படத்தில் கண்ணுக்குப் படாத இரைச்சல் அசையும்போது கொதிப்பதுபோல் தெரியும். பிக்சலுக்கு 4 மாதிரிக் கதிர்கள் குறைந்தபட்சம். தொடு வரம்பைப் பிக்சல் அகலத்துக்கே ஏற்றிவிட்டால் 16 வரை போகாமல் தப்பிக்கலாம்.

கதாபாத்திரமோ கட்டடமோ ஃபிராக்டலோடு ஒரே காட்சியில் நின்று, ஒன்றின் நிழல் மற்றதன்மேல் விழ வேண்டுமென்றால் மெஷ். பின்னணியாக மட்டும் போதுமென்றால் ரே மார்ச்சிங் படத்தை ஆழப் படத்தோடு (ஒவ்வொரு பிக்சலின் தூரத்தையும் பதிந்த படம்) எடுத்து இணைக்கலாம், மணிக்கணக்கில் மிச்சம்.

கேம் எஞ்சினில் ஒரு பெட்டிக்குள் ரே மார்ச்சிங் ஷேடரை ஓட்டுவது நடக்கக்கூடியதே. 60 ஃப்ரேமுக்கு 16.7 மில்லிநொடிதான் இருக்கிறது, அதில் மற்ற எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. எனவே பாதித் தீர்மானத்தில் வரைந்து பெரிதாக்குவது, சுழற்சி 5, தாவல் 64 என்று கட்டுப்படுத்துவது தவிர்க்க முடியாதவை. ஆழத்தை எழுதும்போது கதிர் போன நீளத்தை அப்படியே எழுதக் கூடாது. கதிருக்கும் கேமராவின் நேர்த்திசைக்கும் இடைப்பட்ட கோணத்தின் கொசைனால் பெருக்க வேண்டும். திரையின் நடுவில் எல்லாம் சரியாக இருந்து, ஓரங்களில் மட்டும் பொருள்கள் ஒன்றையொன்று ஊடுருவினால் இதுதான் காரணம். பெட்டியின் முன்முகங்களை நீக்கிவிட்டுப் பின்முகங்களை வரைந்தால், கேமரா பெட்டிக்குள் நுழைந்ததும் உருவம் மறையாது. தலையில் மாட்டும் மெய்நிகர்க் கண்ணாடியில் (விஆர்) இரு கண்ணுக்கும் சேர்த்து 11.1 மில்லிநொடியில் முடிக்க வேண்டும். அங்கே ரே மார்ச்சிங்கை வலிந்து திணிக்காமல் 20, 30 லட்சம் முக்கோண மெஷ்ஷுக்கு இறங்கிவிடலாம். அன்ரியல் எஞ்சினிலுள்ள நானைட் போன்ற அமைப்புகள் பெரிய மெஷ்ஷைத் தாங்கும். ஆனால் துளைகள் நிறைந்த, துண்டு துண்டான உருவத்தைத் தொலைவுக்கு ஏற்ப எளிமையாக்குவதில் அவை தடுமாறும்.

அச்சுக்கு மெஷ்தான், ஆனால் ஸ்லைடர்களோடு விளையாடுவதை மெஷ்ஷில் செய்யாதீர்கள். ரே மார்ச்சிங்கில் உருவத்தைத் தேடி முடித்து, எண்களைப் பூட்டிவிட்டு, பிறகு ஒரே முறை மெஷ்ஷாக எடுங்கள். 100 மில்லிமீட்டர் உருவத்தில் 0.1 மில்லிமீட்டர் நுணுக்கம் என்றால் பக்கத்துக்கு 1,000 வோக்ஸல். அச்சுப்பொறியின் முனை 0.4 மில்லிமீட்டர் என்றால் அதில் பாதிக்கு மேல் வீண், 400 போதும். எடுத்ததும் முதல் வேலை, எதனோடும் ஒட்டாமல் மிதக்கும் துண்டுகளை நீக்கி மிகப்பெரிய துண்டை மட்டும் வைத்துக்கொள்வது. மெஷ்ஷைத் திருத்தும் மெஷ்லேப் மென்பொருளில் இது சில சொடுக்கு. அடுத்து மெல்லிய கழுத்துகளைத் தேடுங்கள். மாண்டல்பல்ப்பின் குமிழ்கள் பல இடங்களில் முனையின் அகலத்தைவிட மெல்லிய காம்பில் தொங்குபவை. திரையில் உறுதியாகத் தெரிவது தாங்கிகளைப் பிய்க்கும்போது கையோடு வந்துவிடும். மதிப்பு வரம்பை ஒரு வோக்ஸலிலிருந்து ஒன்றரை, இரண்டுக்கு ஏற்றி மறுபடி எடுத்தால் காம்புகள் தடிக்கும், மேல்பரப்பு கொஞ்சம் மழுங்கும். 0.4 மில்லிமீட்டர் முனைக்கு அந்த மழுங்கல் எப்படியும் தெரியப்போவதில்லை.